தேதி இல்லாத அட்டை

மனைவி நாகம்மாளிடமிருந்து வந்த ஏர்மெயில் தாளைச் சக்கரபாணி பிளேடு வைத்து இரண்டாக அறுத்தான். மடித்து ஒட்டி வரும் தாள் அது. விரித்தால் உள்ளே ஒரே காகிதம், மேலிருந்து கீழ்வரை எழுத்து. நடு மடிப்பில் பிளேடை வைத்து ஒரே இழுப்பு. மேல்பாதி சட்டைப் பைக்குப் போனது, கீழ்பாதி வேட்டி மடிப்புக்கு.

அவனுக்குப் படிக்க வராது. தன் பெயரை மட்டும் எழுதுவான், அதுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு. கடிதம் வந்தால் யாரிடமாவது கொடுத்துத்தான் ஆகவேண்டும். கொடுத்தால் அந்த ஆளுக்குக் குடும்ப விஷயம் மொத்தமும் தெரிந்துபோகும். தெரிந்தவன் நாலு பேரிடம் சொல்வான். சொல்லாதவன் மனசில் போட்டுவைத்திருந்து ஒரு நாள் குத்திக் காட்டுவான். மனுஷப் பிறவியைப் பற்றிச் சக்கரபாணி வைத்திருந்த அபிப்பிராயம் அவ்வளவுதான். அதனால் பாதி ஒருத்தருக்கு, பாதி இன்னொருத்தருக்கு. இரண்டு வருஷமாக வந்த கடிதத்தையெல்லாம் இப்படித்தான் படிக்கவைத்தான். அதிலெல்லாம் மழையும் கோழியும் பக்கத்து லயத்து வீட்டுச் சண்டையும் இருந்தன. எங்கே வெட்டினாலும் நஷ்டமில்லை. எழுபத்தெட்டாம் வருஷம் தை மாசம் வந்த இந்தக் கடிதம் அப்படிப்பட்டதல்ல.

குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் கூலிக்காரக் குடும்பத்தில் பிறந்தவன் அவன். பத்தொன்பது வயசில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, மலாயாவில் கெடா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டினான். அங்கேயே பிறந்து வளர்ந்த நாகம்மாளைக் கட்டினான். ஒரே பெண், பெரியநாயகி. எழுபத்தாறில் அம்மா செத்துப்போனாள் என்று தந்தி வந்து ஊருக்கு வந்தவன், பதினாறாம் நாள் முடிந்தும் திரும்பவில்லை. சித்தப்பா மகன் தங்கராசு நெய்வேலிச் சுரங்கத்தில் பர்மனென்ட். குவார்ட்டர்ஸ் இருந்தது. "ரெண்டு மாசம் இருண்ணே, காண்ட்ராக்ட்ல சேத்துவுடுறேன்" என்றான். சுரங்கத்து மண்ணை ஏற்றிப்போகும் பெல்ட்டிலிருந்து மண் கீழே கொட்டும். அதை வாரி மறுபடி பெல்ட்டில் போடும் வேலை. இரண்டு மாசம் இரண்டு வருஷமாயிற்று.

அவன் திரும்பாமல் கிடந்ததற்குக் காரணம் வேலையல்ல. அட்டை.

அந்த நாட்டில் இரண்டு அட்டை. பிரஜைக்கு நீலம். வெளியிலிருந்து வந்து நிரந்தரமாகக் குடியிருப்பவனுக்குச் சிவப்பு. சிவப்பு வைத்திருப்பவன் இருக்கலாம், உழைக்கலாம், அங்கேயே சாகலாம். ஆனால் அவன் அந்த நாட்டு ஆளில்லை. நாகம்மாளுக்கும் பெண்ணுக்கும் நீலம். சக்கரபாணிக்குச் சிவப்பு. 'நீங்களும் நீலம் எழுதிக்கொடுங்கள், நாளைக்கு எதுவும் சட்டம் வந்தால் உங்களைத் தனியாகப் பிரித்துவிடுவார்கள்' என்று அவள் பத்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் பிடிகொடுக்கவில்லை. ஊருக்கு வந்ததும் அந்தப் பேச்சிலிருந்து தப்பித்தாற்போல் இருந்தது. தப்பித்தவன் தப்பித்தபடியே இருந்துவிட்டான்.

மேல்பாதியை, சுரங்கத்தில் வருகைப் பதிவு எழுதும் டைம் ஆபீஸில் இருந்த சோமசுந்தரத்திடம் கொடுத்தான். திருநெல்வேலிக்காரர், வாய் ஜாஸ்தி.

"எழுத்து நல்லா இருக்கே. யாரு எழுதினது?"

"தோட்டத்துல கணக்கு எழுதுற கிராணி சார். வூட்ல சொல்லும், அவுரு எழுதுவாரு."

சோமசுந்தரம் படித்தார். "'பெரியநாயகி அப்பாவுக்கு நாகம்மாள் எழுதுவது. பெரியநாயகிக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார். நம்ம ஜனம்தான். வைகாசியில் கல்யாணம்.' யோவ், சந்தோஷமான சேதில்லா! 'உங்கள் நீல கார்டு மனுவைக் கிராணி ஐயா எழுதி வைத்திருக்கிறார். கையெழுத்தும் சத்தியமும் நீங்கள்தான் நேரில் வந்து செய்யவேண்டும். ஏப்ரல் பதினாலாம் தேதிக்குள் நீங்கள் பினாங்கில் வந்து இறங்கவில்லை என்றால்...'"

நிறுத்திவிட்டார்.

"எறங்கலன்னா?" என்றான் சக்கரபாணி.

"அதைத்தான் நானும் கேக்கேன். எறங்கலைன்னா என்ன? தாளு முடிஞ்சிட்டே. மிச்சம் எங்க?"

"அவ்ளோதான் சார்."

"எறங்கலைன்னான்னு சொல்லி யாராவது லெட்டரை முடிப்பாகளாவே?"

"எங்க வூட்ல பேச்சே அப்பிடித்தான் சார். பாதியில நிறுத்திடும்."

அவர் தாளின் ஓரத்தை விரலால் தடவினார். "வெட்டின மாதிரில்லா இருக்கு."

"எலி கடிச்சிடுச்சி சார்."

"உங்க ஊரு எலி ஸ்கேல் வச்சாவே கடிக்கும்?"

சக்கரபாணி தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டான். மிச்சத்தை அவனே முடித்துக்கொண்டான். இறங்கவில்லை என்றால் நீல மனு செல்லாது. வேறு என்ன இருக்கப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமை வடலூர் போனான். பஸ் நிற்கும் இடத்தில் பட்டம்மாள் இட்லிக் கடை. அஞ்சாவது வரை படித்தவள். சோமசுந்தரத்துக்கும் அவளுக்கும் ஜன்மத்தில் பழக்கம் கிடையாது, அதனால்தான் அவளைப் பிடித்திருந்தான். கீழ்பாதியை நீட்டினான். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினாள்.

"'இருப்பதும் செல்லாமல் போய்விடும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.' இன்னாண்ணா இது, எடுத்தவொடனே இப்பிடி? இன்னா செல்லாமப் போவுது? ஆயிரம் ரூபா நோட்டு செல்லாதுன்னு கவர்மெண்டுல சொன்னாங்களே, அதுவா? கட்டுக் கட்டா வச்சிகினு இருக்கியா?"

இட்லி தின்றுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"வச்சிகினு இருந்தா உன் கடையில வந்து குந்துவனா? அது வேற ஒரு மனு. நீ மேல படி."

"'நீலம் வேண்டாம் என்றால் வேண்டாம். இனிமேல் அந்தப் பேச்சை நான் எடுக்கமாட்டேன். சத்தியம் பண்ணவேண்டாம், கையெழுத்து வேண்டாம். தேதிக்குள் வந்து சேர்ந்தால் போதும். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்க நீங்கள் இருக்கவேண்டும்.'" பட்டம்மாள் தாளை மடித்தாள். "பாவம்ணா அது. எப்பிடிக் கெஞ்சுது பாரு. போயிட்டு வா."

"ஒனக்குத் தெரியாதும்மா. இது அவ பேச்சு இல்ல. கிராணி சொல்லிக்குடுத்த பேச்சு. வேணாம் வேணாம்னு சொல்லி வரவெப்பாங்க. போயி எறங்கனதும் பேனாவக் கையில குடுப்பாங்க."

"பொண்டாட்டியையே நம்ப மாட்டியா நீ?"

"பொண்டாட்டிய நம்புவேன். கடுதாசிய நம்ப மாட்டேன்."

பெரிதாக ஒன்று சொல்லிவிட்ட நினைப்பில் எழுந்து வந்தான். கடுதாசியை நம்பாதவன் அதை நட்டநடுவில் அறுத்திருக்கவும் வேண்டாம். இது அப்போது அவனுக்கு உறைக்கவில்லை.

சத்தியம் என்ற சொல்தான் அவனை ஆட்டியது. அவனுக்குப் பன்னிரண்டு வயசிருக்கும்போது அக்கா மாணிக்கம்மாளை அவள் புருஷன் தள்ளிவைத்தான். அவர்கள் ஜனத்தில் அதற்கு ஒரு முறை உண்டு. பஞ்சாயத்து கூடும். புருஷன் ஒரு வைக்கோல் துரும்பைக் கையில் எடுத்து, 'இவளுக்கும் எனக்கும் இனி ஒன்றுமில்லை' என்று சொல்லி இரண்டாக ஒடித்துப் போடுவான். முடிந்தது. அப்புறம் அந்த வீட்டு வாசலை இவள் மிதிக்கக்கூடாது. மூன்று வருஷம் கழித்து, புருஷன் வீட்டில் இருந்த அக்காவின் பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது. மாணிக்கம்மாள் ஓடினாள். தெருமுனை வரைக்கும்தான். யாரும் தடுக்கவில்லை. அவளே நின்றுவிட்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும்போது தூரத்திலிருந்து பார்த்தாள். பக்கத்தில் சக்கரபாணி நின்றிருந்தான்.

ஐம்பத்தேழில் அந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்தபோது, தோட்டத்தில் ரப்பர் மரத்தடியில் மேசை போட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் நீலம் எழுதினார்கள். பரீட்சை இல்லை, ஒன்றுமில்லை. வரிசையில் இவனும் நின்றான். முன்னால் நின்றவனிடம், இதுவரைக்கும் இருந்த தேசத்தோடு எனக்கு எந்த ஒட்டும் உறவும் இல்லை என்று கையைத் தூக்கிச் சொல்லச் சொன்னார்கள். அவன் சொன்னான். சக்கரபாணிக்கு வைக்கோல் துரும்பு ஒடிந்த சத்தம் கேட்டது. ஊரில் அம்மா உயிரோடிருந்தாள். நாளைக்கு அவளுக்கு ஒன்று ஆகி, தான் தெருமுனையில் நிற்கவேண்டி வந்தால்? வரிசையிலிருந்து விலகிப் போய்விட்டான். நீலம் வாங்கினவர்கள் எல்லாம் ஊருக்கு வந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள், யாரும் தெருமுனையில் நிற்கவில்லை. அதைக் கண்ணால் பார்த்தும் அவன் நம்பவில்லை.

இப்போது அம்மாவும் இல்லை. ஒருமுறை பிடித்த பிடி, விடவில்லை.

சிவப்பைப் பற்றி அவனுக்குக் கவலையே கிடையாது. அதற்கும் அவன் ஒரு கணக்கு வைத்திருந்தான், சுரங்க வாசலில் கற்றுக்கொண்டது. காண்ட்ராக்ட் ஆளின் பாஸில் தேதி போட்டிருக்கும். மாசம் பிறந்தால் புதுத் தேதி போட்டு வாங்கவேண்டும், இல்லையென்றால் வாச்மேன் வெளியே நிறுத்திவிடுவான். தங்கராசுவின் பாஸில் தேதி கிடையாது. ஏனென்றால் அவன் பர்மனென்ட். சக்கரபாணி தன் சிவப்பு அட்டையை எடுத்து முன்னும் பின்னும் திருப்பி, தங்கராசுவிடமும் காட்டினான்.

"எங்கியாவது முடியிற தேதி இருக்குதா பாரு."

"இல்லியேண்ணே."

"அப்பிடின்னா நான் அங்க பர்மனென்ட்டுடா. நீ இங்க இருக்கற மாதிரி."

ஊருக்குப் புறப்படும்போது கொடுத்த இன்னொரு காகிதம், வெளியே போய்விட்டுத் திரும்பி வருவதற்கான அனுமதிச் சீட்டு, அவன் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. அதில் தேதி இருந்தது. அதைக் கப்பல்காரன் சமாசாரம் என்று அவன் நினைத்திருந்தான்.

அவன் போட்ட திட்டம் இதுதான். ஏப்ரல் பதினாலு தாண்டட்டும். நீல மனு தானாகச் செத்துப்போகும். பிறகு யாரும் பேனாவை நீட்ட முடியாது. சித்திரைக் கடைசியில் கப்பல் ஏறினால் வைகாசிக் கல்யாணத்துக்குப் போய்ச் சேரலாம். பெண்ணைத் தாரை வார்க்கலாம். சிவப்போடு போய், சிவப்போடு இருக்கலாம்.

"எப்பண்ணே கப்பல்?" என்று தங்கராசு கேட்டுக்கொண்டே இருந்தான். "பொண்ணுக்குக் கல்யாணத்த வச்சிகினு நீ பாட்டுக்கு மண்ணு வாரிகினு இருக்கிற."

"இருடா. அவசரப்பட்டா கையெழுத்த வாங்கிடுவாங்க."

அந்த வருஷம் ஏப்ரல் பதினாலு, சித்திரை முதல் தேதி. தங்கராசு வீட்டில் வடை பாயசம். சக்கரபாணி இரண்டாம் தரம் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தான். நெய்வேலிக்கு வந்த இரண்டு வருஷத்தில் அவன் அவ்வளவு குஷியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. பொழுது சாய்ந்ததும், "முடிஞ்சிதுடா தொல்லை" என்றான். எது முடிந்தது என்று அவன் சொல்லவில்லை. தங்கராசுவும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து நாகப்பட்டினம் போனான். கப்பல் டிக்கெட் போடும் ஏஜென்ட் கண்ணாடி போட்ட மனுஷர். பாஸ்போர்ட்டைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், திரும்பவும் சீட்டைப் பார்த்தார்.

"இது முடிஞ்சி பத்து நாளாச்சேப்பா."

"அது முடிஞ்சா முடிஞ்சிட்டுப் போவுதுங்க. இதப் பாருங்க." சிவப்பு அட்டையை எடுத்து மேசையில் வைத்தான். "இதுல தேதி இல்ல."

"இல்லைதான். நீ அங்கயே இருந்திருந்தா இது சாகிற வரைக்கும் செல்லும். வெளிய வந்துட்டே. திரும்ப உள்ள போறதுக்கு இந்தச் சீட்டுதான். ரெண்டு வருஷம் போட்டுக் குடுத்திருக்கான். ஏப்ரல் பதினாலு. அதுக்குள்ள நீ போய் எறங்கியிருக்கணும். இப்ப இதுவும் செல்லாது, அதுவும் செல்லாது."

"முப்பது வருஷம் இருந்தேங்க அங்க."

"இருந்தே. யாரு இல்லேன்னா? ஏன் வரலைங்கறதுக்குக் காரணம் எழுதி மெட்ராஸ்ல அவங்க ஆபீசுல கேட்டுப் பாரு. இல்லாட்டி விசிட்டராப் போ. பொண்டாட்டி அங்கேருந்து ஜாமீன் லெட்டர் அனுப்பணும். மூணு மாசம் நாலு மாசம் ஆகும். ஏம்ப்பா, இருபது நாள் முன்னாடி வரக்கூடாதா? எட்டாந் தேதி ஒரு கப்பல் போச்சே. எடங்கூட இருந்துச்சு."

சக்கரபாணி அட்டையை எடுத்துப் பைக்குள் வைத்தான். எட்டாம் தேதி மண் வாரிக்கொண்டிருந்தான். வேண்டுமென்றே வாரிக்கொண்டிருந்தான்.

நெய்வேலிக்குத் திரும்பியதும் நேராக டைம் ஆபீஸ் போனான். இரண்டு பாதியையும் எடுத்து மேசையில் வைத்தான். சோமசுந்தரம் பார்த்தார். வெட்டு வாயோடு வெட்டு வாய் சேர்த்துவைத்துப் படித்தார்.

"'ஏப்ரல் பதினாலாம் தேதிக்குள் நீங்கள் பினாங்கில் வந்து இறங்கவில்லை என்றால் இருப்பதும் செல்லாமல் போய்விடும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். நீலம் வேண்டாம் என்றால் வேண்டாம்.'" தலையைத் தூக்கினார். "எலி கடிச்சதா இது?"

"நான்தான் சார்."

"ஏன்வே?"

"முழுசா யாருக்கும் தெரிய வேணாம்னு."

கேலி செய்யாமல் சோமசுந்தரம் இருந்தது அன்றைக்கு ஒரு நாள்தான். அவரே ஒரு ஏர்மெயில் தாள் வாங்கிவந்து, சக்கரபாணி சொல்லச் சொல்ல எழுதினார். கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளிவைக்க முடியுமா, ஜாமீன் கடிதம் அனுப்பு, இல்லையென்றால் நீயும் பெண்ணும் இங்கே வந்துவிடுங்கள். கடைசி வாக்கியத்தை எழுதுவதற்கு முன்னால் அவர், "இதை எழுதணுமா?" என்று கேட்டார். எழுதச் சொன்னான்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. சக்கரபாணி அதைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுபோய்ச் சோமசுந்தரத்திடம் கொடுத்தான்.

'மாப்பிள்ளை வீட்டில் தள்ளிவைக்கச் சம்மதமில்லை. வைகாசி முப்பதாம் தேதி, காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். என் தம்பி தாரை வார்த்துக் கொடுப்பான். ஜாமீன் கடிதம் கிராணி ஐயா எழுதுகிறார். உங்களுக்கு ஒரு மாதம் கொடுப்பார்களாம். முப்பது வருஷம் இருந்த வீட்டுக்கு ஒரு மாதம் விருந்தாளியாக வாருங்கள். என்னை அங்கே வரச்சொல்லி எழுதியிருக்கிறீர்கள். நான் பிறந்த இடம் இது, பெண் வாழப்போகிற இடமும் இது, நான் எப்படி வருவேன்? உங்களுக்கு உங்கள் ஊர் எப்படியோ அப்படித்தானே எனக்கும். நீலம் வேண்டாம் என்றுதானே எழுதினேன். அதை நீங்கள் நம்பியிருக்கலாம்.'

"அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதான்யா. முழுசா இருக்கு."

வைகாசி முப்பதாம் தேதி சக்கரபாணிக்கு முதல் ஷிப்ட்.

"லீவு போடுண்ணே" என்றான் தங்கராசு. "வூட்ல இரு. கோயிலுக்காவது போ."

"வூட்ல குந்திகினு சுவத்தப் பாக்கறதா? போடா."

அந்த ஊர்க் கடிகாரம் நம் கடிகாரத்துக்கு இரண்டு மணி முன்னால் ஓடும். அங்கே ஒன்பது என்றால் இங்கே ஏழு. வேலைக்கு இறங்கியதிலிருந்து அவன் மேஸ்திரி தனகோடியின் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஏழுக்கு மேல் அவனால் வார முடியவில்லை. மண்வெட்டியைத் தரையில் ஊன்றி நின்றான். பெல்ட் ஓடியது, மண் விழுந்தது. முட்டிவரைக்கும் சேர்ந்தது.

தனகோடி ஓடிவந்தான். "யோவ் பெரியவரே! மண்ணு ஏறிகினு இருக்குது, நீ பாட்டுக்கு நிக்கிற? பெல்ட்டு நின்னா என் தலையத்தான் உருட்டுவாங்க!"

"எம்பொண்ணுக்குக் கல்யாணம்."

"எப்ப?"

"இப்ப."

தனகோடிக்குப் புரியவில்லை. "இப்பவா? பொண்ணுக்குக் கல்யாணத்த வச்சிகினு இங்க இன்னாய்யா பண்ற? எங்க கல்யாணம், வடலூர்லயா? ஓடு, நான் பாத்துக்கிறேன். சைக்கிள எடுத்துகினு போ."

"சைக்கிள்ல போற எடம் இல்ல மேஸ்திரி. மலேசியாவுல."

தனகோடி இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு, சேர்ந்த மண்ணை வாரச்சொன்னான். தானும் ஒரு மண்வெட்டியைப் பிடித்தான். விஷயம் பரவிவிட்டது. பெல்ட் ஓரமாக நாலைந்து பேர் வந்து கூடினார்கள். நல்ல மனசோடுதான் வந்தார்கள்.

"இன்னா பெரியவரே, கல்யாணத்த முடிச்சிட்டுச் சொல்லாம கொள்ளாம நிக்கிற? விருந்து எங்க?"

"கேண்டீன்ல டீயும் வடையும் வாங்கிக் குடு. விடமாட்டோம்."

"வாங்கித் தரேன்" என்றான் சக்கரபாணி. சிரிக்கக்கூடச் சிரித்தான். "எல்லாருக்கும் வாங்கித் தரேன்."

"பொண்ணு பேரு இன்னா?"

"பெரியநாயகி."

"மாப்ள பேரு?"

சக்கரபாணி மண்வெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். தை மாசத்திலிருந்து எத்தனை தரம் அந்தக் கடிதங்களைப் படிக்கக் கேட்டிருப்பான். தேதியைக் கேட்டான், அட்டையைக் கேட்டான், சத்தியத்தைக் கேட்டான். திரும்ப எழுதும்போது எதையெதையோ எழுதச் சொன்னான், இதை மட்டும் கேட்டு எழுதவில்லை.

"லாரி ஓட்டுறாரு" என்றான்.

"சரி, பேரு இன்னான்னு கேக்குறோம்."

"பக்கத்துத் தோட்டம். நம்ம ஜனம்தான்."

அதற்குமேல் அவர்கள் கேட்கவில்லை. தனகோடி கடிகாரத்தைப் பார்த்து, எட்டரை ஆகிவிட்டது, எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போங்கள் என்றான். சக்கரபாணி குனிந்து மண்ணை வார ஆரம்பித்தான்.